பச்சை ஆரஞ்சானது எப்படி?

(ஆவடியில் குழுக் கணக்காளர்களுக்கு நடந்த பயிற்சியில் எங்கள் களப் பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



வெள்ளானூர், மோரை, பாலவேடு என்று பல ஊர்களிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். இன்று நாம் பேசப்போவது எக்செல் கணக்குத் தாளில் நிறம் கொடுப்பது பற்றி. "இது என்ன பெரிய விஷயம், கோலத்துக்குக் கலர் போடற மாதிரிதானே?" என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதனால் ஒரு குழுவுக்கு வங்கிக் கடன் ஒரு மாதம் தள்ளிப் போச்சு.

நடந்ததைச் சொல்கிறோம். அந்தக் குழுவின் கணக்காளர், தவணை ஒழுங்காகக் கட்டியவர்களுக்குப் பச்சை, பாக்கி உள்ளவர்களுக்கு ஆரஞ்சு என்று வரிகளுக்கு நிறம் கொடுத்திருந்தார். 15 பேரில் 14 பேருக்குப் பச்சை. அந்தத் தாளை நாங்கள் அலுவலகத்தில் இருந்த பழைய கோப்பில் நகலெடுத்து ஒட்டினோம். ஒட்டியதும் 14 வரியும் ஆரஞ்சு! பாக்கி இருந்த ஒரே வரி சிவப்பு! எங்கள் கோப்பிலும் ஆரஞ்சு என்றால் பாக்கிதான். கடன் பரிந்துரைக் கூட்டத்தில் யாரும் தொகையைப் படிக்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தார்கள். "குழு மொத்தமும் இழுத்தடிக்குதே" என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அது ஜூன் மாதம். உறுப்பினர் ஒருவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வெளியே வட்டிக்கு வாங்க வேண்டியதாயிற்று. "நாங்க ஒரு தவணை கூடத் தவறலையே, ஏன் நிறுத்தினீங்க?" என்று அந்த அக்கா எழுந்து கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. தவறு எங்களுடையது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பெயின்ட் வாளி படத்துக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால், மேலே 'தீம் கலர்ஸ்' என்று பத்து நிறங்கள் வரிசையாக வரும். கோலப்பொடி டப்பாக்கள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாம் பத்தாவதைத் தொட்டால் கணினி 'பச்சை' என்று ஞாபகம் வைப்பதில்லை, 'பத்தாவது டப்பா' என்றுதான் வைக்கிறது. எக்செல் 2013-இல் தொடங்கிய கோப்பில் பத்தாவது டப்பா பச்சை. 2007, 2010-இல் தொடங்கிய கோப்பில் அதே டப்பாவில் ஆரஞ்சு. ஆறாவது டப்பா புதியதில் ஆரஞ்சு, பழையதில் சிவப்பு. வேறு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பொடிதானே விழும்? 2023-இல் இந்த வரிசையை மறுபடியும் மாற்றியிருக்கிறார்கள். அதனால் இது பழங்கதை இல்லை.

இதற்கு வழி, நம் நிறத்தை நாமே எண்ணால் குறித்து வைப்பது. ராணுவச் சீருடை தைக்கிற தொழிற்சாலை உள்ள ஊர் ஆவடி. அங்கே 'பச்சைத் துணி' என்று சொன்னால் போதுமா? எந்தப் பச்சை என்று வேண்டாமா? அதே மாதிரிதான். நிறப்பெட்டியின் அடியில் 'மோர் கலர்ஸ்', அதற்குள் 'கஸ்டம்' என்று போனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம். இப்படிக் கொடுத்த நிறம் எந்தக் கோப்புக்குப் போனாலும் மாறாது.

எந்த எண் கொடுப்பது? எக்செல்லே 'குட்', 'பேட்' என்று ஒரு வெளிர் பச்சையும் வெளிர் சிவப்பும் வைத்திருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே சாம்பல். நம்மில் எத்தனை பேர் கலர் பிரின்ட் எடுக்கிறோம்? பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத கண் உள்ளவர்களும் உண்டு. ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு நிறம் பிரித்தறிவதில் இந்த மாதிரிக் குறை இருக்கிறது. பெண்களில் மிகக் குறைவு. நம் தாளைப் பார்க்கும் வங்கி அதிகாரி அப்படி ஒருவராக இருக்கலாம்.

அதனால் நாங்கள் இப்போது வைத்திருப்பது இது: கட்டியவர்களுக்கு வெளிர் மஞ்சள் 255, 242, 204. பாதி கட்டியவர்களுக்கு இளநீலம் 157, 195, 230. பாக்கிக்குக் கரும் நீலம் 31, 78, 121, அதன் மேல் வெள்ளை எழுத்து. எந்த அச்சிலும் தனித்தனியாகத் தெரியும். பாக்கிக்குச் சிவப்பு வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் விட்டோம். சுவரில் ஒட்டிய தாளில் தன் பெயர் மேல் சிவப்பைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கே வராமல் நின்ற பெண்களை எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. நிறம் கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு கட்டம் விட்டு 'கட்டியது', 'பாதி', 'பாக்கி' என்று எழுத்தில் எழுதுங்கள். அன்று அந்தத் தாளில் இந்த ஒரு சொல் இருந்திருந்தால் கூட்டத்தில் யாராவது நிறுத்திக் கேட்டிருப்பார்கள்.

இந்த மூன்று எண் வரிசைகளையும் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்காளர் மாறினாலும் எண் மாறக்கூடாது. இப்போது மூன்று மூன்று பேராகக் கணினி முன்னால் உட்காருங்கள். உங்கள் குழுவின் போன மாதத் தாளைத் திறந்து முதலில் பழைய நிறத்தை எடுத்துவிடுங்கள். 'நோ ஃபில்' என்று இருக்கும். சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள், நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம்.