இரத்தத் தட்டணு ஏன் குறைகிறது?
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் தோழர் ஒருவர் காய்ச்சல் விட்டதென்று மறுநாளே பால் வெட்ட வந்தார். பால் நிறுக்கும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தட்டணு 40,000 என்றார்கள். டிங்கி. பிழைத்துக்கொண்டார்.

தட்டணு என்றால் என்ன? வெட்டிய கோட்டில் பால் உறைந்து அடைத்துக்கொள்ளுகிறதல்லவா? காயத்தில் இரத்தத்துக்கு அந்த வேலையைத் தொடங்கி வைப்பது அதுதான். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கவேண்டும். எலும்பு மஜ்ஜையில் உண்டாகி, எட்டுப் பத்து நாளில் அழிந்துபோகும். உண்டாவது குறைந்தாலும், அழிவது மிகுந்தாலும், வீங்கிய மண்ணீரல் பிடித்து வைத்துக்கொண்டாலும் கணக்கு இறங்கும்.

ஆகவே எல்லாம் டிங்கியல்ல. மலேரியா, ஈரல் நோய், கொயினா போன்ற சில மருந்துகள், இரத்தப் புற்று, உடம்பே தன் தட்டணுவைப் பகையென்று அழிப்பது, இவையும் உண்டு. சாராயமும் மஜ்ஜையைக் கெடுக்கும், முகம் சுளிக்காதீர்கள்! சில வேளை சோதனைக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, செக்ரோல் பிழைபோல், கணக்குப் பொய்யாகக் குறையும். மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் அபாயம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின் தொடாதீர்கள்; அது இரத்தக் கசிவைக் கூட்டும்.

சம்பளம் போய்விடுமென்றுதான் அந்தத் தோழர் வந்தார். டாக்டர் சீட்டிருந்தால் 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சீட்டை என் மேஜைக்கு அனுப்புங்கள். பதிவது என் பொறுப்பு.