படத்தைத் தொட்டால் மட்டும் போதுமா?



"நமக்கே எழுத்துக் கூட்டத் தெரியாது, புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?" நாங்கள் போகிற குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

2018 முதல் வந்த பாடப்புத்தகங்களில் கறுப்புப் புள்ளிகளாக ஒரு சின்னச் சதுரம் இருக்கும். கியூஆர் கோடு என்பார்கள். செல்போனில் தீக்‌ஷா செயலியைத் திறந்து காட்டினால் பாடத்துக்கான வீடியோ வரும். சில பள்ளிகளில் பெரிய திரையே வைத்திருக்கிறார்கள். சந்தைப் படத்தில் கத்தரிக்காயைத் தொட்டால் பெயர் எழுத்தில் வரும், குரலும் சொல்லும்.

நல்லதுதான். ஆனால் பத்துப் படத்தைத் தொட்டுவிட்டு எழுந்து போனால் மொழி வந்துவிடாது. கேட்ட சொல்லைப் பிள்ளை வாயால் சொல்லணும், அதை வைத்துப் பேசணும். வகுப்பில் எல்லாப் பிள்ளையையும் பேச வைக்க டீச்சருக்கு நேரம் போதாது. மிச்சத்தை வீட்டில் நாம் செய்யலாம். போன் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கிறதா? பரவாயில்லை, புத்தகத்தில் இருக்கிற படமே போதும். "இந்த அம்மா என்ன விக்குது? என்ன விலை சொல்லும்? ஆடு ஏன் பக்கத்துல நிக்குது?" இதைக் கேட்க எழுத்து வேண்டாம். வாரச் சந்தைக்குப் போய் வருகிற நமக்குத் தெரியாத கேள்வியா! பிள்ளை சொன்ன பதிலில் ஒரு சொல்லை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே எழுதிப் பாருங்கள்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: திரையைத் தொடுவது டீச்சரா, பிள்ளைகளா? கடைசி வரிசைப் பிள்ளைக்கு எப்போது முறை வருகிறது?