திரை இருண்டது ஏன்?



லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு என்றேனும் ஒருநாள் நேரக்கூடிய தொல்லை ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். முந்தின நாள் வரை கணினி செவ்வனே இயங்கியிருக்கிறது. புதிய கெர்னல் வந்திருப்பதாக அறிவிப்புக் கிடைக்கிறது. அதனை ஏற்று நிறுவுகிறோம். கணினியை நிறுத்தி மறுபடியும் தொடங்குகிறோம். உற்பத்தியாளரின் சின்னம் ஒரு கணம் தோன்றுகிறது. அதன் பிறகு திரை இருண்டுவிடுகிறது. விசிறி சுழலும் ஓசை மட்டும் கேட்கிறது. பத்து நிமிடம் காத்திருந்தாலும் வேறொன்றும் தோன்றுவதில்லை.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது என்ன? கணினி பாழாயிற்று என்று முடிவு கட்டுகிறார்கள். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு" என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உடனே அதற்கு முற்பட்டுவிடுகிறார்கள். ஒருவர் மயங்கி விழுந்ததும் பாடைக்கு மூங்கில் வெட்டப் போவது போன்ற செயல் இது. இருண்டது திரை ஒன்றுதான். உள்ளே இருக்கும் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை அழிப்பது நம் பதற்றமே.

முதலில், கெர்னல் என்பது யாது? விதையின் உட்பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். இயங்குதளத்தின் உட்பருப்பாக அது அமைந்திருக்கிறது. நாம் கையாளும் மென்பொருள்கள் வன்பொருளை நேரே தொடுவதில்லை. நினைவகத்தில் இடம் வேண்டும், வட்டில் எழுத வேண்டும், திரையில் காட்ட வேண்டும் என்று அவை கெர்னலிடம் விண்ணப்பிக்கின்றன; கெர்னல் அவற்றை நிறைவேற்றுகிறது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். ஒரு மாணவரின் முயற்சி, இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி வளர்க்கும் பெரும்பணியாகிவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளின் வாயிலாக அது நம் வீடுகளுக்கும் வந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் இடம்பெற்றிருந்தது.

ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை கெர்னலின் புதிய பதிப்பு ஒன்று வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் இடம்பெறுவது வழக்கம். இத்தனை மாற்றம் எதற்கு, பழையதே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். புதிய வன்பொருள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதுகாப்புக் குறைகளும் கண்டுபிடிக்கப்பட்ட வண்ணம் இருக்கின்றன. திரை இருளுமோ என்று அஞ்சிப் புதுப்பிக்காமலே இருப்பது, பூட்டுப் பழுதென்று தெரிந்தும் மாற்றாமல் உறங்கப் போவதற்கு ஒப்பாகும். ஆதலால், புதுப்பிக்கவும் வேண்டும். பழுது நேர்ந்தால் அதனை ஆராய்ந்து தீர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆராய்வது எப்படி? ஆற்று நீர் தலைமதகிலிருந்து கடைமடை வயலுக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். வயல் காய்ந்தால், ஆறே வற்றிவிட்டது என்று உழவர் முடிவு செய்வதில்லை. மதகு மதகாக நடந்து, நீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறார். திரைக்கு ஒளி வருவதும் இவ்வாறே சில மதகுகளைக் கடந்துதான். முதலாவது, கணினியின் உள்ளேயே பதிந்திருக்கும் யு.ஈ.எஃப்.ஐ. என்னும் தொடக்க நிரல். சின்னத்தைக் காட்டுவது அதுதான். இரண்டாவது, கிரப் என்னும் நிரல். எந்தக் கெர்னலைத் தொடங்குவது என்று தீர்மானிப்பது அது. மூன்றாவது, கெர்னல். வரைகலைச் சில்லுக்குரிய டிரைவரைத் தேடி எடுத்து, திரையின் அளவையும் புதுப்பிப்பு வேகத்தையும் அது அமைக்கிறது. முன்பு வேறு நிரல்கள் செய்துவந்த இவ்வேலை 2009-ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் கெர்னலுக்குள் வந்து சேர்ந்தது. நான்காவது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுத் திரை.

இனி, திரை இருண்ட கணினியின் முன் அமர்ந்து கேள்விகளைக் கேட்போம். சின்னம் தோன்றியதா? தோன்றியது எனில், திரையும் கம்பியும் வரைகலைச் சில்லும் அந்தக் கணம் வரை வேலை செய்தன என்று பொருள். அடுத்து, கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் பணிந்தால் கெர்னல் விழித்திருக்கிறது. நீங்கள் அழுத்தாமலே அது விட்டுவிட்டு மின்னினால், பல மடிக்கணினிகளில் கெர்னலே திகைத்து நின்றுவிட்டது என்பதற்கு அது அடையாளம். பிறகு, கைவிளக்கு ஒன்றைத் திரையின் மீது சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் வந்துவிட்டது. திரைக்குப் பின்னிருந்து ஒளிரும் விளக்குத்தான் எரியவில்லை. இறுதியாக, கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். பல கணினிகளில் எழுத்து மட்டுமே உள்ள ஒரு முனையம் திறக்கும். திறந்தால், மூன்று மதகு வரை நீர் வந்துவிட்டது. நான்காவது மதகில்தான் அடைப்பு வெளிப்படுகிறது.

முதுகலை மாணவி ஒருவர் ஒருமுறை இதே நிலையில் என்னிடம் வந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று நாள்களே இருந்தன. ஈராண்டு அளவீடுகள் அந்த ஒரு மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. வேறு படி இல்லை. மறுபடி நிறுவுவதற்கான பென்டிரைவும் அவர் கையில் இருந்தது! மேற்சொன்ன மூன்று விசைகளை அழுத்தினோம். கருந்திரையில் வெண்ணிற எழுத்துகள் தோன்றின. முதல் வேலையாக, ஆய்வுக் கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்தோம். காரணம் இன்னும் தெரியவில்லை. ஆயினும் இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டிய அமைதி அப்போதுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அடுத்தபடியாக, பழைய கெர்னலை நாடினோம். லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலும் புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை அழித்துவிடுவதில்லை. உபுண்டு போன்றவற்றில், கணினி தொடங்கும் வேளையில் எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினியாயின் ஷிப்ட் விசையை, அழுத்தினால் கிரப் பட்டியல் தோன்றும். மேல்நிலைத் தெரிவுகள் என்னும் வரியினுள் சென்றால் முந்தைய பதிப்பு காத்திருக்கும். அதனைத் தேர்ந்தோம். வழக்கமான நுழைவுத் திரை ஒளியுடன் தோன்றிற்று.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். பழைய கெர்னலில் திரை ஒளிர்ந்தது என்பது வெறும் ஆறுதல் அன்று. அது ஒரு சான்று. திரை, கம்பி, சில்லு, நுழைவு நிரல் ஆகிய அனைத்தும் இரண்டு முறையும் ஒன்றே. வேறுபட்டது கெர்னலும் அதனுடன் வரும் டிரைவர்களுமே. எனவே ஐயம் அவற்றின் மீது மட்டும் நிற்கிறது. ஒரே சமயத்தில் நான்கு மாற்றங்களைச் செய்திருந்தால் இந்தத் தெளிவு கிட்டியிராது. பழைய கெர்னலிலும் இருள் நீடித்திருந்தால், ஐயத்தை வேறு பக்கம் திருப்பியிருப்போம்.

பழைய கெர்னல் இல்லையெனில் செய்வது என்ன? அதற்கும் வழியுண்டு. கிரப் பட்டியலில் ஈ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் தொடக்கக் கட்டளை வரி திறக்கும். அதில் நோமோட்செட் என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொடங்கலாம். திரையை அமைக்கும் பொறுப்பை நீ ஏற்க வேண்டாம் என்று கெர்னலுக்கு அச்சொல் அறிவிக்கிறது. படம் கரடுமுரடாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும்; ஆனால் கண்ணுக்குத் தெரியும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே உரியது. கால் ஒடிந்தவனுக்கு ஊன்றுகோல் உதவுவது போன்றது அது. எலும்பைக் கூட்டும் வைத்தியம் பிறகு வர வேண்டும். அதே வரியில் உள்ள கொயட், ஸ்பிளாஷ் என்னும் சொற்களை நீக்கிவிட்டால், கெர்னல் தான் செய்வதையெல்லாம் வரி வரியாகத் திரையில் சொல்லிக்கொண்டே போகும். எந்த வரியில் இருள்கிறது என்பதை அதனால் அறியலாம்.

மாணவியின் கணினிக்குத் திரும்புவோம். கணினி தன் செயல்களை நாட்குறிப்புப் போல எழுதி வைக்கிறது. ஜர்னல்சிடிஎல் என்னும் கட்டளையைக் கொண்டு, முந்தைய தொடக்கத்தின்போது கெர்னல் எழுதிய குறிப்புகளைப் படித்தோம். வரைகலைச் சில்லின் டிரைவர் கெர்னலோடு வந்தது அன்று, தனியாக நிறுவப்பட்டது. புதிய கெர்னலுக்கு அந்த டிரைவர் கிடைக்கவேயில்லை என்பது குறிப்பில் தெளிவாக இருந்தது.

ஏன் கிடைக்கவில்லை? கெர்னலுக்குள் இருக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் முறை, பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். அதனை மாறாமல் வைப்பதாகக் கெர்னலை ஆக்குவோர் உறுதி கூறுவதில்லை. வேண்டுமென்றே அவ்வாறு விட்டிருக்கிறார்கள். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை அவர்களே உடன் திருத்திவிடுகிறார்கள். வெளியே இருக்கும் டிரைவர்களோ, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். டி.கே.எம்.எஸ். என்னும் ஏற்பாடு அதனைத் தானே செய்யும். அதற்கு அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் தேவை. அவர் கணினியில் பழைய கெர்னலுக்குரிய ஹெடர்கள் மட்டுமே இருந்தன. புதியவற்றை நிறுவினோம், டிரைவர் தொகுக்கப்பட்டது, புதிய கெர்னலில் திரை ஒளிர்ந்தது. அரைமணிக்கும் குறைவான வேலை! ஆய்வேடு உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது.

இதற்கு நெருங்கிய உறவுடைய காரணம் இன்னொன்றும் உண்டு. செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு இயங்கும் கணினியில், ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் மறுத்துவிடக்கூடும். டிரைவர் இருந்தும் திரை இருண்டால் இதனையும் ஐயுற வேண்டும்.

சில சமயம் குற்றம் கெர்னலின் பக்கமே இருப்பதும் உண்டு. 2022 செப்டம்பர் இறுதியில் 5.19.12 என்னும் பதிப்பு வெளிவந்தது. இன்டெல் வரைகலைச் சில்லு கொண்ட மடிக்கணினிகள் சிலவற்றில் அதனை நிறுவியதும் திரை வெண்ணிறமாகப் பளிச்சிட்டுத் துடித்தது. பயனர்கள் பதிவுகளை அனுப்பினர். திரைக்கு மின்சாரம் கொடுப்பதற்குரிய கால இடைவெளிகள் பிழையாக அமைந்திருக்கக்கூடும், அதனால் திரைக்கே கேடு நேரலாம் என்று இன்டெல் பொறியாளர் ஒருவர் அவற்றைப் பார்த்து எச்சரித்தார். அக்டோபர் தொடக்கத்திலேயே திருத்திய 5.19.13 வெளியாயிற்று. துடிக்கும் திரையோடு போராடாமல் உடனே பழைய கெர்னலுக்குத் திரும்பியவர்கள் தங்கள் திரையைக் காத்துக்கொண்டார்கள்.

பல்லாயிரம் மாற்றங்களுள் பிழையான ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிதா என்று நீங்கள் வியக்கலாம். 2005-ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கிய கிட் என்னும் கருவி இதற்கு உதவுகிறது. நல்ல பதிப்புக்கும் பழுதான பதிப்புக்கும் நடுவே உள்ள மாற்றங்களைப் பாதியாகப் பிரித்து, நடுவில் உள்ளதைச் சோதிக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் பிழை பிற்பாதியில் இருக்கிறது. இல்லையேல் முற்பாதியில் இருக்கிறது. மீண்டும் பாதி, மீண்டும் பாதி. இவ்வாறு சென்றால், 16,384 மாற்றங்களுள் பிழையான ஒன்றை 14 சோதனைகளில் பிடித்துவிடலாம். பொறுமையும் ஒரு கணினியும் உள்ள கல்லூரி மாணவர் எவரும் இதைச் செய்யலாம். பெரிய பொறியாளர்கள் அவருடைய அறிக்கையை ஆவலுடன் வாங்கிப் படிப்பார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் மூதாட்டிகளின் வாக்கு. அந்த வாக்கைக் கணினி மேசைக்குக் கொண்டு வருவதாயின், சில பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். புதிய கெர்னலை நிறுவுமுன் உங்கள் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி இருக்கட்டும். தேர்வுக்கோ ஒப்படைப்புக்கோ முதல் நாள் புதுப்பிப்பில் இறங்க வேண்டாம். புதியது சில நாள் நன்றாக உழைத்தது என்று கண்ட பிறகே பழையதை நீக்குங்கள். பழுது நேர்ந்தால், ஒரு தாளை எடுத்து, என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிறரிடம் உதவி கேட்கும்போது, "கணினி வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல், எந்தப் பதிப்பு வரை வேலை செய்தது, எந்தப் பதிப்பில் நின்றது, பதிவு என்ன கூறுகிறது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்கிறவர் விடை சொல்வதற்கு முன்பே, பல வேளைகளில் உங்கள் கண்ணுக்கே அது தென்பட்டுவிடும்.