மிலாறு நம்முடையது, உரிமை எவருடையது?

(பதுளையிலே விவசாயிகளும் தொழில் வல்லுநரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



எண்ணெயைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். நல்லெண்ணெயும் அன்று, ஆமணக்கெண்ணெயும் அன்று. விறகிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய். அதனை மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக்கும் முறை. அம்முறைக்கு ஆக்கவுரிமை பெறுதல். இவை பற்றியே பேசப் போகிறோம். பேட்டன்ற் என்று அலுவலகங்களில் வழங்கும் சொல்லைத்தான் நாம் ஆக்கவுரிமை என்கிறோம். தமிழகத்தார் காப்புரிமை என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

பதுளைக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 2022ஆம் ஆண்டை மறந்தவர் இம்மண்டபத்தில் எவருமிலர். பெற்றோலுக்கும் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். வெலிமடை மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல டீசல் தேடி அலைந்தோம். அவ்வேளையிலும் நம் தோட்டங்களிலே எரிபொருள் குவிந்து கிடந்தது. வண்டிக்கு உதவாத வடிவத்திலே கிடந்தது! கவ்வாத்து வெட்டினால் மிலாறு, பழந்தேயிலையைப் பிடுங்கினால் தூர், சரிவுகளிலே யூக்கலிப்டஸ், வேலியெங்கும் கிளிரிசிடியா. அந்தக் கிளிரிசிடியாவைத் தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005ஆம் ஆண்டிலேயே அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்தது, லயத்து அடுப்பிலே என்ன மாறிற்று என்று நாம் கேட்கப் போவதில்லை, விடை உங்களுக்குத் தெரியும்.

விறகு எங்ஙனம் எண்ணெயாகிறது? காற்றுப் புகாத கலத்தினுள்ளே, நன்கு உலர்த்திப் பொடியாக்கிய மரத்தை ஏறக்குறைய 500 பாகை செல்சியசு வெப்பத்துக்கு நொடிப்பொழுதில் உட்படுத்தி, எழும் ஆவியை உடனே குளிர்வித்தால், கரிய திரவமொன்று கிடைக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையிலே நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து பங்கு வரை திரவமாகலாம். எஞ்சுவன கரியும் வாயுவும். நூலோர் இத்திரவத்தை உயிரி எண்ணெய் என்பர். நாம் விறகெண்ணெய் என்போம். இவ்வளவையும் கேட்டவுடன், நாளையே லொறி ஓடும் என்று மகிழ்ந்துவிடலாகாது. இத்திரவத்திலே கால்வாசி நீர். எடையிலே நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு ஒட்சிசன். புளிக்காடியைப் போன்ற புளிப்பு. இரும்புத் தாங்கியை அரிக்கும். டீசலோடு கலவாது. சில மாதங்கள் வைத்திருந்தால் கூழாகத் தடித்துப் போகும். டீசல் தரும் வெப்பத்திலே பாதியும் தராது. எஞ்சினிலே ஊற்றினால் எஞ்சினைத்தான் இழப்போம்.

ஆகவே, அந்த ஒட்சிசனைக் களைய வேண்டும். ஐதரசன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, கோபாற்று, மொலிப்தனம் போன்ற உலோக ஊக்கிகளின் மேல் எண்ணெயைப் பாய்ச்சினால், ஒட்சிசன் நீராகப் பிரிந்து போகும். பெற்றோலியத்தை ஒத்த எண்ணெய் எஞ்சும். செய்து பார்த்தோர் கண்ட தொல்லை என்னவெனில், ஒரேயடியாக உயர்ந்த வெப்பத்திலே ஏற்றினால் எண்ணெய் கரியாக இறுகி ஊக்கியை அடைத்துவிட்டது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு ஆய்வுகூடத்திலே எலியற், பேக்கர் என்னும் இருவர், முதலிலே தணிந்த வெப்பத்தில் எண்ணெயைச் சாந்தப்படுத்தி, பின்னரே உயர்ந்த வெப்பத்தில் ஒட்சிசனை நீக்கும் இரண்டு படி முறையைக் கண்டனர். அதற்கு 1989 ஜனவரியிலே அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. நாம் சோறு சமைக்கையில் முதலில் தணலைத் தணித்து வைப்பதில்லையா என்று தாய்மார்கள் சிரிக்கலாம். எளிய எண்ணந்தான், ஆயினும் முதலிலே கண்டு, செய்து காட்டி, எழுதி வைத்தவனுக்கே உரிமை.

எழுதி வைத்தல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஆக்கவுரிமை என்பது இரகசியத்துக்குக் காவல் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறு. துறை அறிந்த ஒருவர் படித்துச் செய்யத்தக்க அளவுக்கு முறை முழுவதையும் வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, இருபது ஆண்டுகளுக்குப் பிறர் அதனைச் செய்யாதபடி தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. 1996ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் மூலிகைப் பெட்ரோல் என்றொரு பரபரப்பு எழுந்ததே, நினைவிருக்கிறதா? தழையைக் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுத்ததாகச் சொன்னார்கள், ஏடுகள் கொண்டாடின, அறிவியலார் சோதனையில் அக்கூற்று நிலைக்கவில்லை. முறையைக் காட்ட மறுக்கும் கண்டுபிடிப்பைக் கண்டால் நாம் கைப்பையை இறுகப் பிடித்துக்கொள்வது நலம்.

தவணை முடிந்தால் என்ன ஆகும்? முறை உலகத்தின் பொதுச்சொத்தாகும். அந்த இரண்டு படி முறையின் உரிமைக் காலம் முடிந்து ஆண்டுகள் பல ஆயின. விறகெண்ணெயை உடைத்து எரிபொருளாக்கப் பயன்படும் சியோலைற்று ஊக்கிகளுள் பேர்பெற்றதொன்றுக்கு மொபில் நிறுவனம் 1972இல் பெற்ற உரிமையும் முடிந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு: ஆக்கவுரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. அமெரிக்காவிலே பெற்று, இலங்கையிலே பதியாத உரிமைக்கு ஊவாவிலே வலு இல்லை. ஆனால் அவ்வுரிமை நிலவும் நாட்டுக்கு நம் எண்ணெயை அனுப்பினால் அங்கே தடுப்பர். ஏனெனில் முறைக்குப் பெற்ற உரிமை, அம்முறையால் நேரே விளைந்த பொருளையும் பற்றும். ஆகவே எதனைத் தடையின்றிச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று முதலிலே தேடிப் பார்ப்பதற்கு நம் பொறியியலாளரும் வழக்கறிஞரும் முன்வர வேண்டும். இது படித்தவர்கள் தோட்டத்துக்குச் செலுத்த வேண்டிய கடன்.

அயலார் பெற்ற உரிமை தவறானால் அதனை வீழ்த்தவும் முடியும். மஞ்சளைப் புண்ணுக்கு இடுவதற்கு, மிசிசிப்பியிலுள்ள பல்கலைக்கழக மருத்துவ நிலையமொன்று 1995இல் அமெரிக்க உரிமை பெற்றது! நம் பாட்டிமார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர்? ஆயினும் பாட்டி சொன்னாள் என்றால் அலுவலகம் ஏற்காது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் அச்சிலிருந்த சான்றுகளை அடுக்கிக் காட்டியது. 1997இல் அவ்வுரிமை இரத்தாயிற்று. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் கிரேஸ் நிறுவனமும் 1994இல் பெற்ற ஐரோப்பிய உரிமையும் 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன்மீது செய்த மேன்முறையீடு 2005இல் தோற்றது. மஞ்சள் வழக்கிலே எழுதி வைத்த ஏடே வென்றது. தோட்டத்து மக்களின் அனுபவ அறிவு எத்தனை பக்கம் ஏட்டில் ஏறியிருக்கிறது?

அரசு ஆய்வுகூடம் முனைந்தால் என்ன இயலும் என்பதற்கு டெராடூனிலுள்ள இந்தியப் பெற்றோலிய நிறுவனம் சான்று. காட்டாமணக்கு எண்ணெயை ஐதரசன் கொண்டு விமான எரிபொருளாக்கும் முறையை அது கண்டு உரிமையும் பெற்றது. 2018 ஆகஸ்ட் 27ஆம் நாள், அவ்வெரிபொருளைக் கால்பங்கு கலந்து ஸ்பைஸ்ஜெட் விமானமொன்று டெராடூனிலிருந்து டில்லிக்குப் பறந்தது. 2019 குடியரசு நாளில் இந்திய வான்படை விமானமும் பறந்தது. விதை எண்ணெய்க்கும் விறகெண்ணெய்க்கும் வேற்றுமை உண்டு. விதை எண்ணெயில் ஒட்சிசன் குறைவு, வேலையும் எளிது. ஆயினும் பாடம் ஒன்றே: உரிமை பொது நிறுவனத்தின் கையில் இருந்தது.

இனி எதிர்ப்புறத்தையும் பாருங்கள். கியோர் என்னும் அமெரிக்க நிறுவனம் மரத்தூளிலிருந்து எரிபொருள் எடுக்க உரிமைகளை அடுக்கடுக்காய்ச் சேர்த்தது. மிசிசிப்பி மாநில அரசு ஏழரைக் கோடி டொலர் கடனும் தந்தது. (மஞ்சளுக்கு உரிமை பெற்ற அதே மாநிலந்தான்; அம்மண்ணில் என்ன விசேடமோ!) கொலம்பஸ் நகரிலே ஆலை எழுந்தது. எண்ணெயோ எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2014 நவம்பரிலே நிறுவனம் வங்குரோத்தானது. உரிமைப் பத்திரம் உலையை எரிக்காது, தோழர்களே.

ஊவாவின் நிலையையும் ஒளிக்காமல் சொல்லுவோம். நூறு வளிமண்டல அழுத்தத்திலே ஐதரசனைக் கையாளும் ஆலை ஒவ்வொரு தேயிலை ஸ்டோரிலும் எழாது, எழவும் கூடாது. தேயிலை உலர்த்த வெப்பம் மட்டும் வேண்டுமெனில் விறகை நேரே எரிப்பதே மலிவு. அதனை எண்ணெயாக்கி மீண்டும் எரிப்பது, ஆற்றுநீரைக் கிணற்றில் ஊற்றி மொண்டு குடிப்பதற்கு ஒப்பாகும். வண்டிக்கான எரிபொருளுக்கே இம்முறை பொருந்தும். அதுவும் பல தோட்டங்களின் விறகெண்ணெயை ஓரிடத்தில் சேர்த்துச் சுத்திகரித்தால் மட்டும். மிலாறு முழுவதையும் வாரிக்கொண்டு போவதையும் நாம் ஏற்கமாட்டோம். கவ்வாத்து மிலாறு மலையிலேயே கிடந்து மக்கினால் மண்ணுக்கு உரம், சரிவுக்குக் கவசம். 2021இலே இரசாயன உரம் ஒரே நாளில் நிறுத்தப்பட்டபோது பட்டது போதாதா? தூரும் கிளிரிசிடியாக் கிளையும் வேலைக்கு ஆகும். மிலாற்றில் ஒரு பங்கை மண்ணுக்கே விட வேண்டும்.

அப்படியாயின் நமக்குரிய கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது? ஈரத்திலே இருக்கிறது என்பது எம் எண்ணம். மரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஈரமாயிருந்தால் எண்ணெய் கெடும். ஊவாவிலோ ஆடி, ஆவணியில் கச்சான் காற்று எலும்பையும் உலர்த்தும். ஐப்பசி, கார்த்திகையில் மழை நிற்காது. ஸ்டோர் அடுப்பின் வீண்வெப்பத்திலே தூரை உலர்த்தும் வழியை, முப்பது ஆண்டு உலையோடு வாழ்ந்த உலைக்காரர் ஒருவர் காணக்கூடும். கண்டால் அது எவருடையது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிடில், வேலை கொடுத்தவருக்கே போகும். அந்த வேறுவிதமான வரியை எழுதிக்கொள்வதற்கே சங்கங்கள் இருக்கின்றன. நாட்கூலியைப் பேசும் மேசையிலே இந்த ஒரு வரியையும் பேசுக. பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அதனோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வோர், தோட்டத்தாரின் பெயரும் பங்கும் ஒப்பந்தத்தில் ஏறும்படி முன்னரே கேட்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கண்டதைச் சந்தியிலே கூவிவிடாதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் நம் நாட்டுச் சட்டம் மன்னிக்கும், ஐரோப்பா மன்னிக்காது. இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பிற நாடுகளிலும் விண்ணப்பித்தால் முதல்நாளே கணக்கில் நிற்கும். ஆகவே பக்க எண் இட்ட கொப்பி ஒன்றிலே, செய்த சோதனையை நாளிட்டு எழுதுங்கள், சாட்சிக்கு ஒருவரிடம் கையொப்பம் வாங்குங்கள், தமிழிலேயே எழுதுங்கள். கம்பனிக்காரர் எவராவது ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளைக் கொண்டுவந்து, தூரையும் கிளையையும் சோதனைக்கு எடுத்துச் செல்கிறோம், இதில் ஒப்பமிடுங்கள் என்றால், ஒப்பமிடுமுன் அத்தாளை நம் வழக்கறிஞரிடம் கொண்டுவாருங்கள். வாசித்துச் சொல்லக் கூலி வாங்கமாட்டோம் என்று இம்மேடையில் அமர்ந்திருக்கும் மூவர் வாக்களித்திருக்கின்றனர்.