வழி சொல்லும் கல்வி



நீங்கள் கைப்பேசியில் ஒரு செய்தியை எழுதி, டில்லியில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண் இமைக்கும் நேரத்தில் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. இவ்வாறு வலையமைப்பில் செல்வன யாவும் சிறு சிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் சேரவேண்டிய முகவரி பொறிக்கப்பட்டிருக்கும். அம்முகவரியைப் பார்த்து, பொறிக்குப் பொறி அதைக் கைமாற்றிவிடுகிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் கைமாற்றுபவர் மனிதர் அல்லர், ரவுட்டர் எனப்படும் கருவிகள். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அனுப்பும் பணியாளரை இவற்றுக்கு ஒப்பிடலாம்.

உலகம் முழுவதற்குமான வழியை அறிந்த ரவுட்டர் ஒன்றுகூட இல்லை என்பதுதான் இதில் வியப்பு. இந்த முகவரிக்குரிய பொட்டலத்தை அடுத்தபடியாக யாரிடம் கொடுக்கவேண்டும் என்பது மட்டுமே ஒவ்வொன்றுக்கும் தெரியும். முழு வழியையும் ஒருவரும் அறியாத ஓர் அமைப்பில் பொட்டலங்கள் எவ்வாறு ஊர் போய்ச் சேருகின்றன? வலையமைப்புப் பொறியியலின் முதுநிலைப் படிப்பில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அதை இரண்டாண்டுகள் பயின்றவன் என்ற முறையில், அப்படிப்பு எனக்கு எதைக் கற்பித்தது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் அப்படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம் என் கையால் நேர்ந்த ஒரு தவறு. அப்போது நான் ஒரு வங்கியின் வலையமைப்புப் பிரிவில் வேலை பார்த்து வந்தேன். ரவுட்டர்களுக்குரிய கட்டளைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தத் திறமையில் எனக்குச் சற்றுக் கர்வமும் இருந்தது. ஓர் இரவு, மாவட்ட மையத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்குச் செல்லும் கம்பித்தடம் பழுதுபட்டது. சிறிய ஊர் ஒன்றிலிருந்த கிளைக்கு மாற்றுத் தடம் ஒன்று உண்டு என்பது நினைவுக்கு வந்தது. தலைமை அலுவலகத்துக்குச் செல்லும் பொட்டலங்களைக் கிளையின் வழியாக அனுப்புமாறு மாவட்ட மையத்து ரவுட்டருக்குக் கட்டளையிட்டேன். ஆனால் தலைமை அலுவலகத்துக்குரியவற்றை மாவட்ட மையத்திடம் கொடுக்கவேண்டும் என்பது கிளையின் ரவுட்டரில் முன்னரே எழுதப்பட்டிருந்த கட்டளை. அதை நான் மாற்றவில்லை.

விளைவு என்ன? மையம் கிளையைக் காட்டியது. கிளை மையத்தைக் காட்டியது. பொட்டலங்கள் இரண்டுக்கும் இடையே மாறி மாறி அலைந்தன. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு. ஒரு ரவுட்டரைக் கடக்கும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும். எண் பூஜ்யமானதும் பொட்டலம் அழிக்கப்படும். வங்கியின் பொட்டலங்கள் எல்லாம் அவ்வாறே அழிந்தன.

மறுநாள் காலையில் நான் அக்கிளைக்கு நேரில் சென்றேன். ஓய்வூதியம் வழங்கும் நாள் அது. முதியவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தனர். 'சர்வர் டவுன்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பேருந்துக்குக் காசு கொடுத்து வெகுதூரத்திலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர், “தம்பி, இன்னைக்குப் பணம் வந்துருமா? மருந்து வாங்கணும்” என்று என்னிடம் கேட்டார். நண்பகலில் அந்தக் கட்டளையை நீக்கினேன். பழுதுபட்டிருந்த கம்பித்தடமும் அதற்குள் சரிசெய்யப்பட்டிருந்ததால் எல்லாம் நேராயிற்று. ஆனால் அந்த அம்மையார் அதற்குமுன்பே எழுந்து போய்விட்டார்.

தனித்தனியே பார்த்தால் இரண்டு கட்டளைகளும் குற்றமற்றவை. இரண்டும் சேர்ந்தபோது கேடு விளைந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் ஆவலே என்னை மீண்டும் வகுப்பறைக்கு அழைத்துச் சென்றது.

அங்கு நான் எதிர்பார்த்தது புதிய கட்டளைகளை. கிடைத்தது கணிதம். முதல் பருவத்தில் எங்கள் பேராசிரியை ரவுட்டர் ஒன்றையும் காட்டவில்லை. கரும்பலகையில் புள்ளிகளையும் கோடுகளையும் வரைந்தார். அ, ஆ, இ என்ற மூன்று ஊர்கள் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன என்றார். ஆ என்ற ஊரிலிருந்து இ ஒரு கல் தொலைவு. அ என்ற ஊரிலிருந்து, ஆ வழியாக, இரண்டு கல். இனி, ஆ-வுக்கும் இ-க்கும் இடையேயுள்ள பாலம் இடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அ என்ற ஊர் தன் பழைய கணக்கைக் கூறுகிறது: ‘இ எனக்கு இரண்டு கல்.’ அவ்வழி தன் வழியாகவே சென்றது என்பதை அறியாத ஆ, ‘அப்படியானால் எனக்கு மூன்று கல்’ என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்ட அ, நான்கு என்று திருத்துகிறது. ஆ ஐந்து என்கிறது. இல்லாத வழியின் தொலைவு இவ்வாறு ஏறிக்கொண்டே போகிறது.

என் வங்கியின் கதையும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்கு அப்போது விளங்கிற்று. அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு வழி காணும் இம்முறை, பெல்மன், ஃபோர்டு ஆகிய அறிஞர்கள் 1950களில் வகுத்த கணக்கை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய இணையத்துக்கு மூதாதையாகிய ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு, 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியபோது இம்முறையையே கையாண்டது. இதைப் பின்பற்றும் பழைய நெறிமுறையாகிய ரிப் என்பதில், தொலைவு 16 என்று ஏறிவிட்டால் ‘அவ்வூருக்கு வழியில்லை’ என்று பொருள் கொள்வார்கள். வதந்திக்கு ஒரு வரம்பு கட்டினார்களே அன்றி, வதந்தி எழுவதை முற்றிலும் தடுக்க இயலவில்லை.

இரண்டாவது முறை ஒன்று உண்டு. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், ஒவ்வொரு ரவுட்டரும் தான் கண்ணால் கண்டதை மட்டும் அறிவிக்க வேண்டும்: ‘என் அண்டையில் இன்னார் இருக்கின்றனர், அவர்களிடம் செல்ல இவ்வளவு செலவாகும்’ என்ற அளவில். அவ்வறிவிப்பு மாறாமல் எல்லோரையும் அடையும். எல்லா அறிவிப்புகளையும் சேர்த்து, ஒவ்வொன்றும் தன் வலையமைப்பின் படத்தைத் தானே வரைந்து, குறுகிய வழியைக் கணக்கிட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கைத் தந்தவர் டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா. 1956ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் கடைவீதிக்குச் சென்று களைத்து, காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இல்லாமல் சுமார் 20 நிமிடங்களில் அதைக் கண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அது 1959ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ஆர்ப்பாநெட் 1979ஆம் ஆண்டில் இந்த இரண்டாவது முறைக்கு மாறியது.

வதந்தி ஒழிந்தது, இனிக் கவலையில்லை என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம். அப்போதுதான் பேராசிரியை 1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாளின் கதையைச் சொன்னார்.

ஓர் அறிவிப்பு புதியதா பழையதா என்று அறிய, அதன்மேல் ஒரு வரிசை எண் இடப்படும். ஆர்ப்பாநெட்டில் அந்த எண் 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0 ஆகும். கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பின் ஒன்று வருவதைப் போன்றது இது. வட்டத்தில் முன்னோக்கிப் பாதித் தூரத்துக்குள், அதாவது 32 எண்களுக்குள் இருப்பதே புதியது என்பது விதி. அன்றைய தினம், 50ஆம் எண்ணுள்ள பொறியின் அறிவிப்பு 44 என்ற வரிசை எண்ணுடன் புறப்பட்டது. பழுதடைந்த நினைவகம் ஒன்றில் அந்த எண்ணின் சில இலக்கங்கள் உதிர்ந்தன. இரும எண்முறையில் 44இலிருந்து ஓர் இலக்கம் உதிர்ந்தால் 40. மேலும் ஒன்று உதிர்ந்தால் 8. இப்போது 44, 40, 8 என்ற மூன்று அறிவிப்புகள் ஒரே நேரத்தில் உலவின.

எங்கள் வகுப்பில் இம்மூன்று எண்களையும் மூன்று அட்டைகளில் எழுதி, மூன்று மாணவர்களிடம் கொடுத்தார் பேராசிரியை. விதிப்படி எது புதியது என்று சொல்லச் சொன்னார். 8ஐ விட 40 புதியது. 40ஐ விட 44 புதியது. 44ஐ விட, வட்டத்தைச் சுற்றி வந்தால், 8 புதியது! வகுப்பு சிரித்தது, பிறகு அமைதியாயிற்று. ஒவ்வொரு பொறியும் வந்த அறிவிப்பைப் புதியது என்று ஏற்று, அண்டைப் பொறிகளுக்கு அனுப்பியது; அடுத்த நொடியில் வேறொன்று புதியதாக வந்தது. முடிவே இல்லை. பொறிகள் வேறு வேலைக்கு நேரமின்றித் திணறின. வலையமைப்பு முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. 50ஆம் எண் பொறியின் அறிவிப்புகளைப் புறக்கணிக்குமாறு ஒவ்வொரு பொறியின் நிரலையும் திருத்திய பின்னரே அது மீண்டது.

அன்று அங்கே பொய் சொன்னவர் எவரும் இலர். எல்லாப் பொறிகளும் விதிப்படியே நடந்தன. பிழை விதியிலேயே இருந்தது. எல்லா எண்களும் ஒழுங்காகவே வரும் என்று விதியை வகுத்தவர்கள் நம்பியிருந்தனர். 1983ஆம் ஆண்டில் ராடியா பெர்ல்மன் என்னும் பெண் அறிஞர், பழுதான செய்தி உள்ளே புகுந்தாலும் தானாகவே நிலைக்குத் திரும்பும் அறிவிப்பு முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று பெரிய நிறுவனங்களுக்குள் வழங்கும் ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறை, வரிசை எண்களை வட்டமாகச் சுற்றவிடாமல் நேர்கோட்டில் எண்ணுகிறது. ஒரு மணி நேரம் புதுப்பிக்கப்படாத அறிவிப்பைத் தானே விலக்கிவிடுகிறது. பிழையே நேராதபடி செய்வதைக் காட்டிலும், நேர்ந்த பிழையிலிருந்து மீளும்படி செய்வதே பொறியியலின் உயர்ந்த பகுதி என்பதை நான் அங்கே கற்றேன்.

இதுவரை சொன்னது ஒரே நிர்வாகத்துக்குள் நடப்பது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே வழி சொல்வது பி.ஜி.பி. என்ற நெறிமுறை. 1989ஆம் ஆண்டில் லோஹீட், ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள் உணவு மேசையில் கைத்துடைப்புத் தாள்களில் குறித்துக்கொண்ட எண்ணம் அது. இதில் ஒவ்வோர் அறிவிப்பும் தான் கடந்து வந்த நிறுவனங்களின் பட்டியலைச் சுமந்து வரும். பட்டியலில் தன் எண்ணே இருக்கக் கண்டால், அந்நிறுவனம் அவ்வழியை ஏற்காது. என் வங்கியில் நேர்ந்தது போன்ற சுழல் இதனால் தடுக்கப்படுகிறது.

ஆயினும், அறிவிப்பவர் அந்த முகவரிக்கு உரியவர்தாமா என்பதை இந்த நெறிமுறை தானாக ஆராய்வதில்லை. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு நிறுவனம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக அதன் முகவரிகளில் 256ஐத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. அந்த அறிவிப்பு எல்லையைத் தாண்டி வெளியே கசிந்தது. யூடியூபின் சொந்த அறிவிப்போ 1024 முகவரிகளை ஒன்றாகக் கூறியது. இரண்டில் குறிப்பாகச் சொல்வதையே ரவுட்டர்கள் ஏற்கும். ஊர்ப்பெயர் மட்டும் உள்ள பலகையைவிடத் தெருப்பெயரும் உள்ள பலகையை நாம் நம்புவதில்லையா? அவ்வாறே உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குச் சென்ற பொட்டலங்கள் சுமார் இரண்டு மணி நேரம் பாகிஸ்தானை நோக்கிச் சென்று மறைந்தன. இப்போது முகவரிக்கு உரியவர் யார் என்பதை மின்னணுச் சான்றிதழால் சரிபார்க்கும் ஏற்பாடு பரவி வருகிறது. எனினும் எல்லா நிறுவனங்களும் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

நேயர்களே, இத்துறையைப் பயில விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டளைகளை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். அவை மாறியும் போகும். புள்ளியும் கோடும் கொண்ட அந்தக் கணிதம் மாறுவதில்லை. பழைய விபத்துகளின் வரலாற்றைப் படியுங்கள். எந்த வழிமுறையைக் கண்டாலும், ‘இது எதை நம்பியிருக்கிறது? அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். அண்டையார் சொல்வதை ஆராய்ந்து ஏற்பது பாதிப் பாடம். நாம் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று எண்ணிப் பார்த்துச் சொல்வது மறுபாதி.

இன்றும் ஒரு ரவுட்டரில் வழியை மாற்றுவதற்கு முன், இரு பக்கத்துக் கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பொட்டலத்தை விரலால் நடத்திப் பார்க்கிறேன். போய்ச் சேருகிறதா, திரும்பி வருகிறதா என்று இரண்டையும் பார்த்த பின்னரே விசைப்பலகையில் கை வைக்கிறேன். உடன் பணிபுரிவோர் சிலர் இதைக் கண்டு நகைப்பதுண்டு. அந்த வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டியை அவர்கள் பார்த்ததில்லை.