மெல்லிசை மன்னர் விசுவநாதன்

(மன்றத்து ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒரு விழா மேடையிலே எங்களுள் இருவர் பழைய திரைப்படப் பாட்டொன்றைப் பாடத் தொடங்கினர். பாதியிலே முன்வரிசைப் பெரியவரொருவர் எழுந்து, "தம்பிமாரே, இது விழா மேடையோ, படமாளிகையோ?" என்று கேட்டார். பாட்டு நின்றது. எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. அன்றிரவு கல்லடிப் பாலத்தடியிலே கூடியிருந்து அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது எங்களில் ஒருவன், "அது கிடக்கட்டும், அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் யார்?" என்றான். நடித்தவரைச் சொன்னோம், பாடியவரைச் சொன்னோம், மெட்டமைத்தவரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கோபம் நாணமாயிற்று. அந்த நாணமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

பின்னர் தேடி அறிந்தோம். மெட்டமைத்தவர் எம். எஸ். விசுவநாதன். 1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிலே பிறந்தவர். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். கண்ணனூரிலே பாட்டனார் நிழலில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. நீலகண்ட பாகவதரிடம் சங்கீதம் வாய்த்தது. நடிகராக வேண்டுமென்ற ஆசையே அவரைப் படத்துறைக்கு இழுத்துச் சென்றது. ஆனால் ஜூப்பிடர் நிறுவனத்திலே கிடைத்ததோ எடுபிடி வேலை. அங்கே இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் அருகிருந்து, கேட்டுக் கேட்டே தொழில் பழகினார்.

பெரியோர்களே, இது நம் நாட்டுக்குப் புதிய கதையன்று. கூத்துக் களரியிலே அண்ணாவியாரின் மத்தளத்தருகே சல்லரி பிடித்து நிற்கும் சிறுவனை நாம் அறிவோம். அவனுக்கு ஏடும் இல்லை, பரீட்சையும் இல்லை. காதே அவனுக்குப் பாடசாலை. விசுவநாதனும் அவ்வழி வந்தவரே.

அதன்பின் சி. ஆர். சுப்பராமனின் குழுவிலே சேர்ந்தார். அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்த டி. கே. இராமமூர்த்தி தோழரானார். 1952இல் சுப்பராமன் இளமையிலேயே காலமானார். 'தேவதாஸ்' முதலிய படங்கள் அரைகுறையாய் நின்றன. எஞ்சிய வேலையை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். ஆயினும் 'தேவதாஸ்' இன்றளவும் சுப்பராமனின் படமாகவே போற்றப்படுகின்றது. அதே 1952இல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்துக்கு இருவரும் சேர்ந்து இசையமைத்தனர். விசுவநாதன் – இராமமூர்த்தி என்ற இரட்டைப் பெயர் அங்கே பிறந்தது.

இந்த இடத்திலே நம் தீவின் பங்கையும் சொல்ல வேண்டும். 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், திரைப்படப் பாட்டுத் தரக்குறைவானதென எண்ணினார். அகில இந்திய வானொலியிலே அதற்கு இடம் சுருங்கியது. உடனே தமிழகத்து வீடுகள் வானொலிப் பெட்டியை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பின. 1957இல் 'விவித பாரதி'யைத் தொடங்கி, அகில இந்திய வானொலியே அப்பாட்டுக்குக் கதவைத் திறக்க நேர்ந்தது. பெரியவர்கள் வாசலிலே நிறுத்திய பாட்டு, நம் கடலைக் கடந்து போய்ப் பின்வாசலால் நுழைந்தது!

ஆனால் மக்கள் விரும்பினார்கள் என்பதனாலே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது. பெரியவரின் கேள்விக்கு அது விடையுமன்று. ஆகவே இசையையே பார்ப்போம்.

மிஷன் பாடசாலையிலே படித்த நாங்கள், காலைத் தொழுகையிலே நான்கு குரல் இணைந்து பாடப் பழகினோம். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் தேவாரம். ஒரே குரல், ஒரே பண். இவ்விரண்டும் இரு வேறு உலகங்கள் என்றே நினைத்திருந்தோம். விசுவநாதனின் பாட்டிலே அவை ஒன்றையொன்று சந்திக்கின்றன. பியானோவும் அக்கோர்டியனும் பொங்கோவும் மேலே விளையாடும். அடியிலே இராகம் வழுவாது செல்லும். 1964ஆம் ஆண்டை மாத்திரம் பாருங்கள். 'கர்ணன்' படத்துக்கு இந்துஸ்தானி இராகங்களைக் கொண்டுவந்த அதே இருவர், அதே ஆண்டிலே 'காதலிக்க நேரமில்லை' படத்திலே மேனாட்டு முறையைத் தமிழ்ப் பிள்ளையாக்கினார்கள். அதே ஆண்டு வந்த 'சர்வர் சுந்தரம்' படத்திலே, பாட்டுப் பதிவு நடக்கும் கூடமே திரையிலே தோன்றியது. விசுவநாதனும் அதில் தோன்றினார். மெல்லிசை என்றால் இலேசான இசை என்று பொருளன்று. பாரம் தெரியாமல் சுமப்பது என்பதே பொருள்.

அவர் ஆக்கியவை யாவும் மாணிக்கங்கள் என்று நாங்கள் வாதாட வரவில்லை. அவசரத்துக்குப் பிறந்தவையும் உண்டு. ஆனால் ஒருவரை அளக்கும்போது சிறந்தவற்றைக் கொண்டல்லவோ அளக்க வேண்டும்?

1963இல் சென்னையிலே இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்' என்ற பட்டம் சூட்டினர். 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தனர். பிரிவின் காரணத்தைக் கிண்டுவது எங்கள் வேலையன்று. முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்திலே மறுபடியும் கைகோத்தார்கள் என்பதே மனத்தில் நிற்கின்றது. அதற்கு முன் 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்திலே, தம்மிலும் பதினைந்து வயது இளையவரான இளையராஜாவோடு சமமாக அமர்ந்து இசையமைத்தார். மூத்தவர் இளையவரோடு அமர்வது எவ்வளவு அரிய செயல் என்பதை இச்சபைக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இன்னுமொரு செய்தி. 'மனோன்மணீயம்' சுந்தரனார் இயற்றிய தமிழ்த்தாய் வாழ்த்தை 1970இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. 2021இல் அதுவே மாநிலப் பாடலுமாயிற்று. தமிழகத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுந்து நின்று பாடும் அவ்வாழ்த்துக்கு மோகன இராகத்திலே மெட்டமைத்தவர் விசுவநாதனே. "விழா மேடையோ, படமாளிகையோ?" என்ற கேள்விக்கு இதைக் காட்டிலும் விடை வேண்டுமோ?

இந்திய அரசின் பத்ம விருது எதுவும் பெறாமலே, 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், 87ஆவது வயதிலே சென்னையில் அவர் காலமானார்.

காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளும் மிஷன் பாடசாலையிலே பயின்றவரே. மறைந்துபோன யாழைக் கணிதத்தாலும் சிலப்பதிகாரத்தாலும் தேடி, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். இசையைக் கேட்டால் மாத்திரம் போதாது, ஆராய்ந்து கற்க வேண்டும் என்பது அவர் நமக்கு இட்ட வழி. அவ்வழியிலே நின்று ஒன்றைக் கேட்கின்றோம்.

மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை மன்றத்திலே எங்களுக்குத் தாருங்கள். நாங்கள் ஒரு பாட்டைக் கொண்டு வருவோம். ஆக்கியவர் பெயரையும் அறிந்து வருவோம். பெரியோர்களே, நீங்கள் வந்திருந்து அதன் இராகம் எது, தாளம் எது, தேவாரத்தில் அது எந்தப் பண், நம் கூத்தில் அதற்கு உறவு உண்டா என்று சொல்லித் தாருங்கள். தரமற்றதாயின் பாதியிலே நிறுத்துங்கள். காரணத்தை மாத்திரம் சொல்லி நிறுத்துங்கள். சென்ற ஆண்டு எழுந்து கேட்ட பெரியவர் இன்றும் முன்வரிசையிலே இருக்கின்றார். முதல் மாலைக்கு ஐயா அவர்களே தலைமை தாங்க வேண்டுமென்பது எங்கள் விண்ணப்பம்.