முட்டி வீங்கினால்



சாமராஜநகர் மாவட்டத்து மாதேஸ்வரன் மலைக்குப் போய் வந்தார் ஒரு தாத்தா என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முட்டி வீங்கிச் சிவக்கிறது. கை வைத்தால் சுடுகிறது. நடந்த வலிதான் என்று வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். சரியா?

ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டில் உப்பாகப் படிந்திருக்கலாம். இதைக் கவுட் என்பார்கள். அல்லது மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். கிருமி சில நாட்களிலேயே மூட்டை அரித்துவிடும். உயிருக்கும் ஆபத்து.

காய்ச்சலை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. கவுட்டிலும் காய்ச்சல் வரும். வயதானவருக்குக் கிருமி இருந்தும் வராமல் போகலாம்.

டாக்டர் ஊசியால் மூட்டு நீரை எடுப்பார். நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக உப்பு தெரிந்தால் கவுட். அப்போதும் கிருமிச் சோதனை வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

சாமராஜநகரில் 2016 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாத்தாவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.